எகிப்திய அரசச் சுவர்ச் சிற்பத்தைத் தமிழ்ப்பள்ளியில் செதுக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் கண்காட்சிக்கு எகிப்தியச் சுவர்ச் சிற்பம் செய்ய விரும்பும் ஆசிரியர் கல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஹார்ட்வேர் கடையில் விற்கும், நீரில் கலந்தால் இறுகும் வெள்ளை மாவான பிளாஸ்டர் ஆப் பாரிஸ் போதும்.

முதலில் எவ்வகைச் சிற்பம் என்பதை முடிவு செய்யுங்கள். உருவைச் சுற்றியுள்ள கல்லை நீக்கி உருவை மேலெழச் செய்வது ஒரு வகை. சுவர்த்தளத்தை அப்படியே விட்டு, விளிம்பை ஆழ வெட்டி, உருவை அக்குழிவுக்குள்ளேயே செதுக்குவது மற்றொரு வகை. எகிப்தின் கர்னாக் கோயிலில் உள்ள பெருந்தூண் மண்டபத்தில் வடபாதியை மன்னர் முதலாம் சேத்தி மேலெழுந்த சிற்பங்களால் அணிசெய்ய, தென்பாதியில் அவர் மகன் இரண்டாம் ராம்செஸ் குழிவு முறைக்கு மாறினார். குழிவு முறையில் நீக்க வேண்டிய கல் குறைவு. வெயிலில் விளிம்பின் நிழலே உருவைத் தெளிவாகக் காட்டுவதால் வெளிச்சுவர்களுக்கும் அதுவே ஏற்றது. மாணவர்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

நீரில் மாவைத் தூவிக் கலக்கி (மாவை நீரில் இட வேண்டும், நீரை மாவில் அன்று), 30 செ.மீ. உயரமும் 3 செ.மீ. கனமும் உள்ள பலகையாக வார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சிய கலவையைத் தொட்டியில் கழுவிவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இறுகிய பலகையில் 1 செ.மீ. சதுரக் கட்டம் வரைவதே வேலையின் உயிர்நாடி. நிற்கும் மன்னரின் பாதம் முதல் நெற்றி முடிக்கோடு வரை 18 கட்டங்கள். முழங்கால் 6-ஆம் கோட்டிலும் தோள் 16-ஆம் கோட்டிலும் அமையும். முகமும் கால்களும் பக்கவாட்டில் இருக்க, கண்ணும் தோள்களும் நேராகப் பார்க்கும். சிவப்பில் வரைந்து கறுப்பில் திருத்துங்கள். எகிப்திய அரசர்களின் கல்லறைகள் உள்ள மன்னர் பள்ளத்தாக்கில், வேலை பாதியில் நின்றுபோன மன்னர் ஹோரெம்ஹெப்பின் கல்லறைச் சுவரில் அவ்விரு நிறக் கோடுகளும் இன்றும் தெரிகின்றன.

பலகை ஈரமாக இருக்கும்போதே செதுக்க வேண்டும். கோட்டின் வெளிப்புறத்தைச் செங்குத்தாக அரை செ.மீ. வெட்டி, உட்புறத்தை உருவை நோக்கிச் சரித்து வழியுங்கள். பால்மரம் சீவுபவர் பட்டையின் ஆழத்தைக் கையாலேயே அறிவதுபோல இதுவும் பழக்கத்தில்தான் வரும். ஒரு பக்கமாக டார்ச் அடித்து நிழலைப் பார்த்தபடியே செதுக்கினால் மேடுபள்ளம் தப்பாது.

நம் ஊர் ஈரக்காற்றில் பலகை உலரப் பல நாள் ஆகும். உலர்ந்த பின்னரே வண்ணம் தீட்டுங்கள். வெள்ளையாக விடுவது அழகுதான், ஆனால் பழைய எகிப்தியச் சுவர்கள் வண்ணம் பூசப்பட்டவை: மன்னரின் மேனிக்குச் செங்காவியும் அரசியின் மேனிக்கு மஞ்சளும் பொருந்தும்.