டெஸ்லா காயில்: ஸ்பார்க் கேப் எரிகிறது, மின்னல் வரவில்லை

என் டெஸ்லா காயிலுக்கு (காற்றில் மின்னல் பாய்ச்சும் உயர் மின்னழுத்தக் கருவி) மின்சாரம் தருவது 9 கிலோவோல்ட், 30 மில்லிஆம்பியர் நியான் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்பார்க் கேப்பில் (பொறி தாவும் இடைவெளி) மஞ்சள் சுடர் உறுமியது; டோராய்டில் (காயிலின் உச்சியிலுள்ள உலோக வளையம்) ஒரு பொறிகூட இல்லை. ஒழுங்கான கேப் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டுக் காதைப் பிளக்கும். மஞ்சள் சுடர் என்றால் கபாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிப்பது) கேப் வழியே டிஸ்சார்ஜ் ஆகவில்லை, டிரான்ஸ்ஃபார்மர்தான் ஷார்ட் ஆகிறது.

பிளக்கைப் பிடுங்கி, கபாசிட்டரைக் காப்பிட்ட கம்பியால் ஷார்ட் செய்த பிறகே கை வைத்தேன். பிளீடர் ரெசிஸ்டரை (கபாசிட்டரில் மிஞ்சும் மின்னூட்டத்தை மெல்ல வடிப்பது) மட்டும் நம்பினால் உயிர் போகும். பிரைமரி சுருளில் (கபாசிட்டரோடு சேரும் முதல் சுருள்) வயரைக் கவ்வும் டேப் கிளிப்பில் பச்சை பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் கேப்பில் வெடிச்சத்தமும் டோராய்டில் மின்னலும் வந்தன.

ஆனால் ஒரு நிமிடத்தில் மின்னல் சுருங்கியது. கேப்பின் செம்பு சூடேறி, பொறி அணையாமல் நீடித்ததுதான் காரணம். ஒற்றை இடைவெளியை எடுத்துவிட்டு, 6 செம்புக் குழாய்களை வரிசையாக வைத்து 5 இடைவெளி, ஒவ்வொன்றும் 0.7 மி.மீ. (ஃபீலர் கேஜ் என்ற இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு வைத்தே அளக்கவும்), குறுக்கே காற்றடிக்க ஒரு விசிறி. கேப் டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்கே, கபாசிட்டர் பிரைமரியோடு தொடராக. மின்னல் குறைகிறதே என்று கேப்பை அகட்டாதீர்கள்: முதலில் போவது டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன், இல்லையென்றால் கபாசிட்டர். டிரான்ஸ்ஃபார்மரோடு கேப்பை மட்டும் இணைத்துப் பார்த்து, தவறாமல் பொறி பறக்கும் அகலத்தோடு நிறுத்தவும்.