மேற்கு கார்க்கில் சாப்பிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் தெற்கே உள்ள கார்க் விமான நிலையத்தில் இறங்கி, கார் எடுத்தால் அரை மணி நேரத்தில் கின்சேல். வண்ணம் பூசிய கடைகள், படகுத்துறை, வரிசையாக மீன் உணவகங்கள். அங்கே ஒரு மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, மேற்கு கார்க்கைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தவறுதான். கின்சேல் வாசற்படி. வீடு அதற்கும் மேற்கே கிளோனகில்டி, ஸ்கிபரீன், பால்டிமோர், பான்ட்ரி, பேரா தீபகற்பம் என்று நீண்டு கிடக்கிறது.

அடுத்த தவறு, வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்த்து நேரம் கணக்குப் போடுவது. சாலைகள் குறுகல், வளைவுகள் அதிகம். முன்னால் ஒரு டிராக்டர் போனால் அதன் பின்னாலேயே போக வேண்டியதுதான். ஒரே நாளில் மதியம் கின்சேல், இரவு பான்ட்ரி என்று திட்டமிட்டால் சாப்பிடுவதைவிட ஓட்டுவதே அதிகமாக இருக்கும். பான்ட்ரியிலோ ஸ்கிபரீனிலோ இரண்டு இரவு தங்கி, சுற்றுவட்டாரத்தில் சாப்பிடுங்கள்.

கிழமையும் நேரமும் பார்க்காமல் போவது இன்னொன்று. ஒரு பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை, கடலோரக் கிராமம் ஒன்றுக்கு மாலையில் போய்ச் சேர்ந்தோம். நான்கு உணவகங்களின் கதவிலும் பூட்டு. திறந்திருந்த ஒரே பப்பில் சமையலறையை மூடியிருந்தார்கள். மளிகைக்கடையில் ரொட்டியும் புகையிட்ட மீனும் வாங்கி, காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். இதில் யார் மேலும் குற்றம் இல்லை. இங்கே முதலாளியே அடுப்படியில் நிற்கும் சிறிய உணவகங்கள்தான் அதிகம். கோடை முழுக்க ஓய்வின்றி உழைத்துவிட்டு ஜனவரி, பிப்ரவரியில் மூடுகிறார்கள். மற்ற மாதங்களிலும் திங்கள், செவ்வாய் விடுமுறை சகஜம். பப்புகளில் மதியச் சாப்பாடு மூன்று மணிவாக்கில் முடிந்துவிடும். இரவு ஒன்பதுக்கு மேல் சூடான சாப்பாட்டை எதிர்பார்க்காதீர்கள். குழந்தைகளோடு போனால் இன்னொன்றும் உண்டு: இரவு ஒன்பது மணிக்கு மேல் அவர்கள் பப்பில் இருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. மே முதல் செப்டம்பர் வரை அது பத்து மணி.

பெயர்பெற்ற உணவகங்களுக்கு நேரே போய் நின்று இடம் கேட்பதும் பலிக்காது. பால்டிமோர் சில நூறு பேர் வாழும் மீனவக் கிராமம். அங்கே துருக்கியிலிருந்து வந்த சமையற்கலைஞர் அஹ்மெத் டெடேயின் 'டெடே' உணவகத்துக்கு, சிறந்த உணவகங்களுக்கு மிஷலின் வழிகாட்டி தரும் நட்சத்திரங்கள் இரண்டு. துருக்கி மசாலாவையும் அந்தக் கரையோர மீனையும் அவர் சேர்க்கும் விதத்துக்காகவே தொலைவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பாலிடிஹோபில் பழைய பப் கட்டடம் ஒன்றில் நடக்கும் 'செஸ்ட்நட்'டும் நட்சத்திரம் பெற்றது. மேசைகள் மிகக் குறைவு. இப்படிப்பட்ட இடங்களுக்கு வாரக்கணக்கில் முன்பதிவு வேண்டும். வர முடியாமல் போனால் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்து மேசைகூட இல்லாத இடத்தில் ஒரு மேசை காலியாகக் கிடந்தால் அது பெரிய நஷ்டம்.

சரி, உட்கார்ந்தாயிற்று, என்ன கேட்பது? அயர்லாந்து என்றதும் சால்மன் என்று பலர் கேட்டுவிடுகிறார்கள். கடலில் வலை விரித்துக் காட்டு சால்மன் பிடிப்பதை 2007-லேயே தடை செய்துவிட்டார்கள். இப்போது தட்டுக்கு வருவது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்தது. அதைவிட, "இன்றைக்கு எந்த மீன் வந்தது?" என்று கேளுங்கள். பேரா தீபகற்பத்தின் காசில்டவுன்பேர் நாட்டின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. ஹேக், ஹாடக், மாங்க் எல்லாம் அங்கே வந்து இறங்குகின்றன. ஹேக் மிருதுவான வெள்ளைச் சதை. வெண்ணெயில் வாட்டினால் இதழ் இதழாகப் பிரியும். கோடையில் கரையோரம் வரும் மேக்கரல், நம் கானாங்கெளுத்திக்கு உறவு. பிடித்த அன்றே சாப்பிட வேண்டிய மீன். பான்ட்ரி விரிகுடாவில் மசல் சிப்பிகளைக் கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். தரையைத் தொடாமலே வளர்வதால் வாயில் மணல் நெருடாது.

என்னைக் கேட்டால், இந்தப் பகுதியின் மிகச் சிறந்த சாப்பாடு மதியத்தில் பப்பில் கிடைக்கும் நண்டு சாண்ட்விச்தான். இரவு விருந்துக்குப் பசியைச் சேர்த்துவைக்கிறேன் என்று இதைத் தவறவிடாதீர்கள். பால்டிமோரில் புஷஸ் பார், மிசன் முனைக்குப் போகும் வழியிலிருந்து சற்று விலகிய குரூக்ஹேவனில் ஓ'சல்லிவன்ஸ், இரண்டுமே இதற்குப் பெயர்பெற்றவை. முழுக்கோதுமை சோடா ரொட்டி, கனமான துண்டு, ஓரம் சற்றே மொறுமொறுப்பு. அதன்மேல் நண்டுச் சதை குவியலாக, பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு, அவ்வளவுதான். நண்டு இனிக்கும், ரொட்டியில் லேசாக உப்பும் புளிப்பும். பிழிந்த எலுமிச்சை ரொட்டிக்குள் இறங்குவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

உணவகத்தோடு நின்றுவிடுவதும் தவறுதான், ஏனென்றால் இந்த ஊர்களின் பெருமையே பால். 1970-களில் பேராவில் வெரோனிகா ஸ்டீல் என்பவர் வீட்டில் மிஞ்சிய பாலை வீணாக்காமல் சீஸ் செய்யத் தொடங்கினார். அதுதான் மிலீன்ஸ். அதைத் தொடர்ந்து டரஸ், ஸ்கல் அருகே கபீன் என்று பண்ணை சீஸ்கள் வந்தன. ஈரக் கடற்காற்றில் முதிர்ந்த மேல்தோலுக்கு ஒரு மண்வாசனை உண்டு. வெள்ளிக்கிழமை பான்ட்ரி சந்தை, சனிக்கிழமை ஸ்கிபரீன் சந்தை. செய்தவர்களிடமே சுவைபார்த்து வாங்கலாம். பான்ட்ரியில் மாதத்தின் முதல் வெள்ளி பெரிய சந்தை. அப்புறம், மதியத்துக்குள் போய்விடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களும், மீன் சாப்பிட்டு இறைச்சியைத் தவிர்ப்பவர்களும் மூன்று இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். மீன் சௌடர் சூப்பில் சில சமையலறைகள் பன்றி இறைச்சியும் சேர்க்கும். கிளோனகில்டியின் புகழ்பெற்ற கறுப்புப் புட்டிங் மாட்டிறைச்சியும் மாட்டு ரத்தமும் ஓட்ஸும் சேர்ந்தது; பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பண்ணை சீஸ் சிலவற்றைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டு உறைய வைக்கிறார்கள். கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். ஒவ்வாமை தரும் 14 பொருள்களை எழுத்தில் தெரிவிப்பது உணவகங்களின் சட்டக் கடமை. அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பில் வந்ததும் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய குழுவாகப் போனால் சேர்த்திருப்பார்கள். இல்லையென்றால் பத்து சதவீதம் வைப்பது வழக்கம். பப் கவுன்டரில் நின்று வாங்கும் பானத்துக்கு டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.