சவுக்குத் தோப்பில் மண் நட்சத்திரக் காளானை அடையாளம் காண்பது எப்படி?

இராமநாதபுரம் கடலோரத்தில் காளான் தேட ஐப்பசியும் கார்த்திகையும்தான் பருவம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து, ஓரிரு நாள் வெயில் அடித்தபின் புறப்படுங்கள். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், ஒரு குச்சி, ஒரு பாட்டில் தண்ணீர் போதும்.

படி 1: இடம்

வெட்டவெளி மணலில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஜியாஸ்ட்ரம் என்ற பேரினத்தைச் சேர்ந்த மண் நட்சத்திரங்கள் மக்கும் சருகைத் தின்று வாழ்பவை. எனவே உச்சிப்புளி, மண்டபம் பக்கம் சருகு தடித்துக் கிடக்கும் பழைய சவுக்குத் தோப்பாகப் பாருங்கள். தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டு நுழையுங்கள். சருகைக் குச்சியால்தான் விலக்க வேண்டும். சுருட்டை விரியன் உலவும் மண் இது.

படி 2: உருவம்

இளங்காளான் சின்ன வெங்காயம் போல மண்ணில் பாதி புதைந்திருக்கும். முதிர்ந்ததும் வெளித்தோல் வெடித்துக் கதிர்களாக விரியும்; நடுவில் வித்துத்தூள் நிறைந்த பை தெரியும். உதிர்ந்த சவுக்குக் காய் தூரத்தில் ஏமாற்றும், ஆனால் தொட்டால் கட்டையாக இருக்கும்.

படி 3: வாய்

புதியவர்கள் உடனே கதிர்களை எண்ணுவார்கள். பயனில்லை, ஒரே இனத்தில் ஐந்தும் இருக்கும், எட்டும் இருக்கும். பையின் உச்சியிலுள்ள துளையைப் பாருங்கள், பேச்சு அங்கேதான். துளையைச் சுற்றி வட்டக்கோடு தெளிவாகத் தெரிந்து, பை கிண்ணத்தில் வைத்ததுபோல் அமர்ந்திருந்தால் ஜியாஸ்ட்ரம் சக்காட்டமாக இருக்கலாம். கோடு இல்லாமல் விளிம்பு இழையிழையாக இருந்தால் ஃபிம்பிரியாட்டம் பக்கம் யோசியுங்கள். பையின் அடியில் தடித்த வளையம் இருந்தால் டிரிப்ளெக்ஸ். ஒழுங்கான துளையே இல்லாமல் உச்சி தாறுமாறாகக் கிழிந்திருந்தால் அது அஸ்ட்ரேயஸ். தோற்றம்தான் ஒன்று, குடும்பம் வேறு. மத்திய, கிழக்கு இந்தியாவின் சால் மரக் காடுகளில் அதன் இளங்காளானைச் சமைத்து உண்கிறார்கள்.

படி 4: தண்ணீர்

கதிர்கள் மூடிக் காய்ந்திருந்தால் நனைத்துப் பாருங்கள். அஸ்ட்ரேயஸ் மெல்ல விரியும், காய்ந்தால் மீண்டும் மூடும். சில ஜியாஸ்ட்ரம்களும் இப்படிச் செய்வதால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம். முதிர்ந்த பைமேல் ஒரு சொட்டு விட்டால் தூள் புகையாகக் கிளம்பும். மழைத்துளி செய்யும் வேலை அதுதான். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

விரியாத உருண்டையைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. தடித்த தோலும் கருஊதா உட்பகுதியும் கொண்ட ஸ்கிளரோடெர்மா என்ற நச்சுக் காளான் இதே வடிவில் வரும், தின்றால் வாந்திதான்.

படமெடுக்கும்போது மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுங்கள். அளவுக்கு ஒரு நாணயம் வையுங்கள், அருகிலுள்ள மரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.