திருமலை என்று மட்டும் எழுதாதீர்கள்: சமூக ஊடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலாவெளியில் விடுதி நடத்துபவர், மீன் வாடி வைத்திருப்பவர், கோயில் திருவிழாவை நேரலையில் காட்டும் இளைஞர்கள், நண்டுக்கறி வைத்துக் காட்டும் சமையல் சனல்காரர் என்று, போனைத் தூக்கிப் படம் எடுக்காத தொழில் திருகோணமலையில் இப்போது குறைவு. உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பலர் பத்து வருடத்துக்கு முந்திய பேஸ்புக்கை மனதில் வைத்தே இன்னும் காணொளி போடுகிறார்கள். அப்போது பக்கத்தை விரும்பியவர்களைத் தேடிப் பதிவு போனது. இப்போது டிக்டொக்கோ, இன்ஸ்டாகிராமின் ரீல்ஸோ, யூடியூபின் ஷோர்ட்ஸோ, குறுங்காணொளியை உங்களை யாரென்றே தெரியாத கொஞ்சப் பேருக்கு முதலில் காட்டிப் பார்க்கிறது. அவர்கள் நின்று பார்த்தால் இன்னும் பலருக்குப் போகும். விரலால் தள்ளிவிட்டால் அதோடு சரி. ஐயாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள் என்பதற்கு முன்பிருந்த மதிப்பு இன்று இல்லை. இனிச் சொல்லப்போகும் தவறுகள் அநேகமாக எல்லாமே இதை மறப்பதால் வருபவை.

பெயரிலேயே பிழை

ஊருக்குள் நமக்கு இது திருமலை. தேடுபவர்களில் பாதிப் பேருக்குத் திருமலை என்றால் திருப்பதி. ‘திருமலையில் தங்க நல்ல அறை’ என்று தலைப்பிட்டால், ஏழுமலையானைத் தரிசிக்கக் கிளம்பியவர் வந்து எட்டிப் பார்த்து, கடலைக் கண்டதும் திரும்பிவிடுவார். அவர் இரண்டு விநாடியில் திரும்பிப் போனது உங்கள் கணக்கில்தான் குறையாக விழும். தலைப்பில் திருகோணமலை என்று முழுதாக எழுதுங்கள். விபரக் குறிப்பில் திருக்கோணமலை, ட்ரிங்கோ ஆகிய வழக்குகளையும், ஆங்கில எழுத்திலும் சிங்களத்திலும் ஊர்ப் பெயரையும் ஒவ்வொரு தடவை சேருங்கள். உப்புவெளியா, நிலாவெளியா, கன்னியாவா என்பதையும் சொல்லுங்கள். ‘அழகான இடம்’ என்று யாரும் தேடுவதில்லை. ‘கன்னியா வெந்நீரூற்று ஏழு கிணறு’ என்று தேடுவார்கள். 2025 ஜூலை முதல் இன்ஸ்டாகிராமின் தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வருவதால், இதய வடிவங்களை மட்டும் அடுக்கிய குறிப்பு இனி இரட்டை நட்டம்.

‘வணக்கம் உறவுகளே’

பத்து நிமிடக் காணொளியில் இந்த வணக்கத்துக்கு இடம் உண்டு. ஒரு நிமிடத்துக்குள் முடியும் காணொளியில் கிடையாது. சனல்காரருக்குக் கணக்கு விபரம் காட்டும் யூடியூப் ஸ்டூடியோவில் ஒவ்வொரு ஷோர்ட்ஸுக்கும் எத்தனை வீதம் பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை வீதம் பேர் தள்ளிவிட்டார்கள் என்று காட்டும். விருப்பக் குறிகளை எண்ணுவதை விட்டு அதைப் பாருங்கள். நண்டைக் கழுவுவதில் தொடங்காமல், கறி கொதித்துச் சிவந்து வரும் காட்சியில் தொடங்கி, பிறகு கழுவுவதற்குத் திரும்பலாம். நீண்ட காணொளியென்றால் பார்வை நேர வரைபடத்தில் கோடு சரிந்து விழும் இடத்தைத் தேடி, அந்த விநாடியில் திரையில் என்ன இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் சனலின் சுழலும் சின்னமாகவோ, ‘சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ’ என்ற வேண்டுகோளாகவோ இருக்கும்.

பஸ்ஸிலும் வேலையிடத்திலும் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் நிறைய. பேசுவதைத் திரையில் எழுதுங்கள். தானாக உருவாகும் தமிழ் எழுத்தைப் படித்துத் திருத்தாமல் விடாதீர்கள். 1080க்கு 1920 என்ற நெடுக்குச் சட்டத்தில் கீழே ஏறக்குறைய 400 பிக்சலும் வலப்பக்கம் 150 பிக்சலும் செயலியின் பொத்தான்களுக்கே போய்விடும். தொலைபேசி எண்ணை அங்கே போட்டுவிட்டு, யாரும் அழைக்கவில்லையே என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

எண்ணிக்கை காட்டும் பொய்

2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷோர்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வையாக எண்ணுகிறது. அதற்கு முந்திய காணொளியோடு ஒப்பிட்டு ‘வளர்ந்துவிட்டோம்’ என்று மகிழ வேண்டாம். விளம்பர வருமானத் தகுதிக்கு 1000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும்; விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ஷோர்ட்ஸ் ஓடையில் பார்த்த நேரம் அந்த 4000 மணியில் சேராது. ஷோர்ட்ஸ் வழியாகவே போவதானால் அந்த 4000 மணிக்குப் பதிலாக 90 நாளில் ஒரு கோடிப் பார்வை தேவை; ஓடத் தொடங்கியதும் தள்ளிவிட்டவை இதில் சேராது. ஷோர்ட்ஸால் சேர்ந்தவர் இருபது நிமிடக் காணொளியைப் பார்க்க வருவார் என்று நம்பியிருப்பதும் பிழைதான். அவர் வேறு ஆள், வேறு பழக்கம். நீண்ட காணொளிக்கு வேண்டுமென்றே பாதை போடுங்கள்: ஷோர்ட்ஸில் ஒரு கேள்வியை எழுப்பி, முழுக் காணொளியை அதனோடு இணைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

டிக்டொக்கில் ஓடியது தமிழ்நாட்டுக்கும் போயிருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. இந்தியாவில் 2020 ஜூன் முதல் டிக்டொக் தடை. அங்குள்ளவரை அடைய யூடியூபும் இன்ஸ்டாகிராமும்தான் வழி. அதற்காக டிக்டொக்கிலிருந்து இறக்கிய, அதன் சின்னம் பதிந்த காணொளியையே ரீல்ஸில் ஏற்றினால் இன்ஸ்டாகிராம் அதைப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதைக் குறைத்துவிடும். எழுத்தும் பாட்டும் சேர்க்காத மூலக் கோப்பைப் போனிலேயே வைத்திருந்து, ஒவ்வொரு செயலிக்கும் தனியாக முடியுங்கள். தமிழ்நாட்டாரைப் பிடிக்கப் பேச்சை மாற்றுவது அதைவிட மோசம். ‘கதைக்கிறது’, ‘வடிவு’ என்று இயல்பாகவே சொல்லுங்கள், விளங்காத சொல்லுக்குத் திரையில் பொருள் எழுதுங்கள். கேட்பவர் வருவதே அந்தப் பேச்சுக்காகத்தான்.

திருவிழா நேரலை

இங்கே தவறுகள் கூடுதல். பார்ப்பவர் மாறியதை நம்மவர் கவனிக்காததும் இங்கேதான். கோணேசர் கோயில் தேரையோ பத்திரகாளி அம்மன் திருவிழாவையோ ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் பார்க்கும் அம்மம்மா, வரவேற்பறையின் பெரிய தொலைக்காட்சியில் யூடியூபைப் போட்டுத்தான் பார்ப்பார். அமெரிக்காவில் யூடியூப் பார்க்கும் நேரத்தில் போனைத் தொலைக்காட்சி முந்திவிட்டதாக அந்த நிறுவனமே 2025இல் சொன்னது. நெடுக்காகப் பிடித்தால் அந்தத் திரையில் நடுவே ஒரு கீற்று மட்டும் தெரியும். கிடையாகப் பிடியுங்கள், தாங்கியில் நிறுத்துங்கள்.

யூடியூபில் முதல் தடவை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை எடுக்கலாம். போனிலிருந்து நேரலை செய்ய 50 சந்தாதாரர் வேண்டும். தேர் புறப்படும் காலையில் இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. 720 தரத்துக்கு ஏற்றும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 4 மெகாபிட் தேவை. முதல் நாள் வெறும் வீதியில் சோதித்து 10 வந்தது என்று திருப்திப்படாதீர்கள்: திருவிழாவன்று ஆயிரக்கணக்கான போன்கள் அதே தொலைபேசிக் கோபுரத்தைப் பங்கிடும். இரண்டு நிறுவனங்களின் சிம்மாவது கையில் இருக்கட்டும். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் காற்று ஒலிவாங்கியை அடித்து நாதஸ்வரத்தை விழுங்கும். பஞ்சு உறையோ ரோம உறையோ போடாமல் போகாதீர்கள். ஒலிபெருக்கியில் ஓடும் சினிமா பக்திப் பாட்டும் ஆபத்து. உரிமையுள்ள இசையை யூடியூப் அடையாளம் கண்டால் நேரலையை இடையில் மறைத்துவிடலாம்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். சித்திரையில் இங்கே காலை 8 மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 10.30, லண்டனில் விடியப்புறம் 3.30. லண்டன்காரர் எழும்பிய பிறகு பதிவைத்தான் பார்ப்பார். ஆறு மணி நேரப் பதிவில் தேர் எங்கே என்று அவரைத் தேடவிடாமல், விபரக் குறிப்பில் 0:00 என்று தொடங்கிக் குறைந்தது மூன்று நேரக் குறிப்புகள் எழுதுங்கள். பகுதிகள் தானாகப் பிரியும்.

கடலும் காலமும்

நம் கரையில் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. திமிங்கிலம் காட்டும் படகுக்காரர் ஜூலையில் எடுத்ததை ஜூலையிலேயே போட்டுத் தீர்த்துவிடுகிறார். பாடசாலை விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுக் குடும்பம் பயணச்சீட்டு வாங்குவது அதற்குப் பல மாதம் முன்பு. பாதியை எடுத்து வைத்து, தையிலும் மாசியிலும் போடுங்கள்.

பார்ப்பவரின் மனமும் மாறியிருக்கிறது. புறாத்தீவில் பவளப்பாறை மேல் ஏறி நின்ற படத்துக்கு முன்பு கைதட்டு கிடைத்தது. இப்போது கொமெண்டில் திட்டு விழும். அது 2003 முதல் தேசியப் பூங்கா. பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால், ட்ரோனைப் பறக்கவிட்ட பிறகு அனுமதியைப் பற்றி யோசிக்காதீர்கள்.

கைமாறும் கோப்பு

ஊருக்குள் மீன் விற்பவருக்கும் சாப்பாட்டுப் பார்சல் கொடுப்பவருக்கும் உண்மையான சந்தை வாட்ஸ்அப் குழுக்கள்தான். அங்கே ஒருவர் கோப்பை மற்றவருக்குத் தள்ளும்போது உங்கள் பக்கத்தின் பெயரும் கூட வராது. கடைப் பெயர், இடம், தொலைபேசி எண் மூன்றையும் காட்சியிலேயே மூன்று விநாடியாவது நிறுத்துங்கள். சின்ன எழுத்து வேண்டாம், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது அது கரைந்துவிடும். திகதியையும் போடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பிடித்த பாரை மீனுக்கு அடுத்த புதன்கிழமை விலை கேட்டுப் போன் வரும்.