இருபதாண்டுத் தெருத் திட்டம் போட உட்காரும் பொறியாளருக்கு

நகராட்சி, மாநகராட்சி என்று மாறி மாறி 31 வருடம் சாலைப் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது புதிதாகப் பொறுப்புக்கு வரும் உதவிப் பொறியாளர்கள் சிலர், "இருபது வருடத்துக்குப் போக்குவரத்துத் திட்டம் போடச் சொல்லியிருக்கிறார்கள் சார், எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்டு வருகிறார்கள். எல்லோர் கையிலும் ஊர் வரைபடம் இருக்கும். சிவப்புக் கோட்டில் ஒரு புறவழிச்சாலை, நீலக் கோட்டில் இரண்டு மேம்பாலம். அதைச் சுருட்டி வைக்கச் சொல்வேன். முதல் மூன்று மாதத்துக்கு அளவுச் சக்கரம் ஒன்று, 30 மீட்டர் டேப் ஒன்று, கட்டம் போட்ட நோட்டு ஒன்று போதும்.

முதலில் எண்ண வேண்டும். பஸ் நிலையம், மார்க்கெட், அரசு ஆஸ்பத்திரி, பெண்கள் பள்ளி வாசல், கோயில் முக்கு என்று பத்துப் பதினைந்து இடத்தைத் தேர்ந்தெடுத்து, காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை ஆள் போட்டு எண்ணுங்கள். வண்டியை மட்டும் எண்ணும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஆட்களை எண்ணுங்கள். நடப்பவர், சைக்கிளில் போகிறவர், ஷேர் ஆட்டோவில் நெருங்கி உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் கணக்கில் வர வேண்டும். நூறு கார் போனால் அதில் நூற்றைம்பது பேர் இருக்கலாம். ஐம்பது பேரோடு ஆறு பஸ் போனால் முந்நூறு பேர். இப்படிக் கூட்டிப் பார்த்தால் அந்தத் தெரு யாருடையது என்று நோட்டே சொல்லிவிடும். சாதாரண செவ்வாய்க்கிழமை ஒரு தடவை, சந்தை நாளில் ஒரு தடவை, முகூர்த்த நாளில் ஒரு தடவை எண்ணுங்கள். மழை நாளில் குடையோடு போய், தண்ணீர் எங்கே நிற்கிறது, ஜனம் எதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள்.

அப்புறம்தான் வரைபடம். ஒரு தெரு இப்போது எவ்வளவு அகலம் என்பதை விட, அது என்ன வேலை செய்கிறது என்பதை வைத்து வகை பிரித்துக்கொள்ளுங்கள். பஸ் போகும் தெரு, கடைத்தெரு, குடியிருப்புத் தெரு, தேரோடும் வீதி. பஸ் வழித்தடங்களை முதலில் வரைந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதைத் தழுவி அமையட்டும். தேரோடும் வீதி இருக்கும் ஊர் என்றால், தேர் திரும்பும் முக்கில் நிரந்தரமாக எதையும் கட்டாதீர்கள். கழற்றி மாட்டும் தடுப்புக் கம்பி போதும். திருவிழாவுக்கு முதல் நாள், ரோட்டு நடுவில் கட்டிய தடுப்பை, அதாவது மீடியனை, இடிக்கிற வேலையை நான் பார்த்திருக்கிறேன்.

இனி குறுக்குவெட்டு, அதாவது தெருவின் அகலத்தில் எதற்கு எவ்வளவு இடம் என்று பிரிப்பது. நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. வழக்கமாக நடுவில் சென்டர் மீடியனைப் போட்டு, இரண்டு பக்கமும் வண்டிக்கு இடம் ஒதுக்கி, மிச்சம் இருப்பதை நடைபாதை என்பார்கள். நீங்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி வரையுங்கள். 18 மீட்டர் தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைப்படி, விளம்பரப் பலகைக்கு அரை மீட்டர். அதை ஒட்டி, எந்தத் தடையும் இல்லாமல் நடக்க 1.8 மீட்டர், சக்கர நாற்காலி இரண்டு எதிரெதிரே வந்தாலும் இடிக்காமல் போகும் அளவு அது. அடுத்து மரம், விளக்குக் கம்பம், பில்லர் பாக்ஸ் என்கிற மின் இணைப்புப் பெட்டி எல்லாம் ஒரே வரிசையில் நிற்க 1.2 மீட்டர். ஆக ஒரு பக்கத்துக்கு 3.5, இரண்டு பக்கத்துக்கும் 7 மீட்டர். பஸ் எதிரெதிரே போக 7 மீட்டர். மிச்சம் 4 மீட்டரில் இருபுறமும் வண்டி நிறுத்தலாம். அதே தெரு கடைத்தெருவாக இருந்தால் 1.8 போதாது, 2.5 மீட்டர் வேண்டும். ஒரு பக்கத்து வாகன நிறுத்தத்தை எடுத்துவிட்டால் அந்த 2 மீட்டர் இரண்டு நடைபாதைக்கும் பிரிந்து போய்விடும். கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். உங்கள் எண்ணிக்கை நோட்டைத் திறந்து, அவர்கள் கடைக்கு நடந்து வந்தவர் எத்தனை, காரில் வந்தவர் எத்தனை என்று காட்டுங்கள்.

உயரமும் முக்கியம். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஊரில், வண்டி ஏறக் கூடாது என்று நடைபாதையை ஓர் அடி உயரத்துக்குக் கட்டினேன். எஸ்டிமேட் போட்டதும் நான்தான், மேற்பார்வையும் நான்தான். ஒரு வாரம் கழித்துப் போனால், கீரைக்கட்டுத் தலைச்சுமையோடு வந்த அம்மா ஒருவர் அதில் ஏற முடியாமல் லாரிக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே நடந்துகொண்டிருந்தார். அந்தக் காட்சி இன்றும் என்னை விடவில்லை. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி, 2012 பதிப்பு, 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடைபாதையை இறக்கி ஏற்றாதீர்கள். நடைபாதை ஒரே மட்டத்தில் போகட்டும், கார் சரிவில் ஏறி இறங்கட்டும்.

தரைக்கு மேலே வரைந்ததை எல்லாம் தரைக்குக் கீழே இருப்பது கெடுத்துவிடும். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின் கேபிள் ஆகிய நான்கு துறையையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எது எந்த ஆழத்தில், எந்த வருடம் என்று கையெழுத்து வாங்குங்கள். நடைபாதை கடைசியாகத்தான் வர வேண்டும். தார் போடும் ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பதையும் திட்டத்திலேயே எழுதுங்கள். சுரண்டாமல் 40 மில்லிமீட்டர் வீதம் ஐந்து தடவை போட்டால் ரோடு 200 மில்லிமீட்டர் ஏறிவிடும். உங்கள் நடைபாதை காணாமல் போகும், மழைத் தண்ணீர் வீட்டு வாசலுக்குள் வரும்.

தள்ளுவண்டிக்காரர்களை அப்புறப்படுத்துவதை வைத்துத் திட்டம் போடாதீர்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் அவர்களின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும். அந்தக் குழுவைக் கூட்டி, மரங்களுக்கு இடையில் அவர்களுக்கான இடத்தைச் சேர்ந்தே குறியுங்கள். இளநீர் வண்டி நிற்கும் நடைபாதையில் இரவு ஒன்பது மணிக்கும் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள்.

பணத்தை வைத்துத்தான் திட்டத்தின் யோக்கியதையைப் பார்க்க முடியும். சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றபோது, போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று எழுதிவைத்தது. உங்கள் ஊர் என்ன சதவீதம் என்று முதல் பக்கத்திலேயே எண்ணாகப் போடுங்கள். வருடவாரியாகத் தெருப் பெயர்களோடு பட்டியல் இருக்கட்டும். முதல் வருடத்தில், எண்ணும்போது அதிகம் பேர் நடந்த தெருவை எடுங்கள்.

கல் பதிக்கும் முன் சோதித்துப் பாருங்கள். தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே அந்தச் சாலையில் வண்டிகள் போகாமல் தடுத்துச் சோதனை செய்தார்கள். உங்களுக்குக் கோன், பெயின்ட், நான்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் போதும். சிக்னலில் பச்சை எத்தனை நொடி வேண்டும் என்பதையும் அப்போதே பாருங்கள். வயதானவர் நொடிக்கு 0.9 மீட்டர் நடந்தால் 18 மீட்டர் கடக்க 20 நொடி ஆகும். கைக்கடிகாரத்தோடு அவர் கூடவே நடங்கள்.

ஐந்தாம் வருடம் அதே இடத்தில், அதே கிழமையில் மறுபடி எண்ண வேண்டும். அதற்குள் உங்களுக்கு இடமாற்றம் வந்துவிடும். அதனால் அந்தக் கட்டம் போட்ட நோட்டை அலுவலகக் கோப்பாகவே பதிவு செய்து, பக்க எண் போட்டு, அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய், எண்ணிய இடங்கள் அத்தனையையும் நடந்து காட்டிவிடுங்கள்.