அமெரிக்க நாட்டுப்பாடல்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது செய்யக்கூடாதவை

ஹோம்ஸ்கூலிங்கில் அமெரிக்க வரலாறு தொடங்கியதுமே பழைய நாட்டுப்பாடல்களும் கூடவே வந்துவிடும். நல்லதுதான். ஆனால் யூடியூபில் ஒரு கார்ட்டூனைப் போட்டுவிட்டு, வரிகளை அச்செடுத்துக் கொடுத்து, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பாட்டு அங்கேயே செத்துப்போகும். இவை சும்மா உட்கார்ந்து கேட்கப் பிறந்தவை இல்லை. 'ஸ்கிப் டு மை லூ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பிடிலும் நடனமும் பாவம் என்று ஒதுக்கிய கிராமத்துக் குடும்பங்கள் நிறைய. அதனால் இளவட்டங்கள் வாத்தியமே இல்லாமல், கைதட்டிப் பாடி, விளையாட்டு என்ற பெயரில் ஆடித் தீர்த்தார்கள். ஜோடிகள் வட்டமாக நிற்க, நடுவில் தனியாக நிற்பவர் ஒருவரின் ஜோடியை இழுத்துக்கொண்டு குதித்தோடுவார், ஜோடியைப் பறிகொடுத்தவர் அடுத்த ஆளைத் தேடுவார். ஐந்து பேர் இருந்தால் ஹாலிலேயே ஆடலாம்.

அப்புறம், பிள்ளை வரியை மாற்றிப் பாடினால் திருத்தாதீர்கள். வாய்வழிப் பாட்டு வளர்ந்ததே அப்படித்தான். அமெரிக்க இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகர் 1948-ல் பிள்ளைகளுக்காக வெளியிட்ட தொகுப்பில், மேரியின் சிவப்புச் சட்டையைப் பற்றிய ஒரு பாட்டு இருக்கிறது. பெயரையும் நிறத்தையும் மாற்றி, எதிரில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் அதற்குள் கொண்டுவந்துவிடலாம்.

நான் பெரிய தவறாக நினைப்பது வேறு. பாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமலே பாடுவது. 1848-ல் வெளியான, அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டரின் 'ஓ! சுசன்னா' துள்ளலான பாட்டுதான், ஆனால் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடைகளில் வளர்ந்தது அது. கறுப்பர்கள் ஐந்நூறு பேர் சாவதை வேடிக்கையாகச் சொல்லும் அதன் அசல் இரண்டாம் சரணத்தை இன்றைய பாட்டுப் புத்தகங்களில் பார்க்க முடியாது. ஐந்து வயதுக் குழந்தைக்கு வேறு பாட்டு சொல்லிக்கொடுங்கள், நிறைய இருக்கின்றன. பத்துப் பதினொரு வயதாகிவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அந்த வயதில் அவர்களுக்கு நன்றாகவே புரியும்.

கேட்ட கதையை அப்படியே வரலாறாகச் சொல்வதும் இதே வகைதான். 'ஃபாலோ த டிரிங்கிங் கோர்ட்' ('தண்ணீர் மொள்ளும் சுரைக்குடுவையைப் பின்தொடர்', அதாவது வடக்கைக் காட்டும் நட்சத்திரக் கூட்டத்தைப் பின்தொடர்) என்ற பாட்டு, தப்பியோடிய அடிமைகளுக்கு வழிகாட்டிய ரகசிய வரைபடம் என்று பல பாடப்புத்தகங்கள் அடித்துச் சொல்கின்றன. அது அச்சேறியதே 1928-ல்தான், வரலாற்றாசிரியர்கள் பலர் அந்தக் கதையை நம்புவதில்லை. "இப்படி ஒரு கதை உண்டு, ஆதாரம் போதாது" என்று சொன்னால் போதும்.

நியூயார்க் மாநிலத்தின் ஈரி கால்வாயைப் பற்றிய பாட்டும் அப்படித்தான், கேட்டால் தோன்றும் அளவுக்குப் பழையதில்லை. கால்வாய் திறந்தது 1825-ல், கோவேறு கழுதையோடு நடக்கும் அந்தப் பாட்டைத் தாமஸ் ஆலன் எழுதியது 1905 வாக்கில், கழுதைகளின் இடத்தை இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில். தாழ்வான பாலம் வரும் வரியில் எல்லோரும் தலையைக் குனியட்டும், படகின் மேல் உட்கார்ந்தவர்கள் அப்படித்தான் குனிய வேண்டியிருந்தது. ஆல்பனியிலிருந்து பஃபலோ வரை 363 மைல், அதை வரைபடத்தில் விரலால் தேடுவதெல்லாம் பாடி முடித்த பிறகு.