பழைய டெஸ்க்டாப்புக்கு மலிவாக ராம் வாங்க: முதலில் சில்லுகளை எண்ணுங்கள்

கல்லூரியில் சேர்ந்த அக்கா மகளுக்குப் புதிய கணினி வாங்கித் தர இந்த வருடம் கைகொடுக்கவில்லை. துணி போர்த்திக் கிடந்த பழைய டெஸ்க்டாப்பைத் தூசு தட்டி எடுத்தேன். கோர் 2 டுவோ பிராசசர், இன்டெலின் ஜி41 சிப்செட் (பிராசசரையும் ராமையும் இணைக்கும் சில்லு) கொண்ட மதர்போர்டு, 2 ஜிபி ராம். பிரவுசரில் நான்கு டேப் திறந்தாலே திணறியது. இப்போது 8 ஜிபி ராமுடன் அவளுடைய படிப்புக்குத் தாராளமாக ஈடுகொடுக்கிறது. இரண்டு பழைய ராம்களுக்குச் சேர்த்து 1,100 ரூபாய் கொடுத்தேன். அதற்கு முன் 600 ரூபாய் வீணானது. அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம்.

1. உள்ளே என்ன இருக்கிறது?

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளே போதும். வேறெதுவும் தேட வேண்டாம். ‘மெயின்போர்டு’ பக்கத்தில் போர்டின் மாடல் இருக்கும், ‘மெமரி’ பக்கத்தில் ராம் வகை இருக்கும். ராமின் அடுத்தடுத்த தலைமுறைகளான டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்குமே 240 பின்கள், ஒரே நீளம். நடுவில் உள்ள வெட்டு மட்டும் இடம் மாறும். ஆகவே கண்ணளவை நம்ப வேண்டாம். போர்டு எவ்வளவு ராம் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். ஜி41-இன் உச்சம் 8 ஜிபி.

2. சில்லுகளை எண்ணுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். இணையத்தில் 4 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்று வாங்கினேன். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் மின்விசிறி சுற்றியதே தவிர, திரை இருட்டாகவே இருந்தது. பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டு வந்தது. ரப்பரால் பின்களைத் தேய்த்தேன், ஸ்லாட் மாற்றினேன், ஒரு மாலைப்பொழுது போனது. அதே ராம் பக்கத்து வீட்டுப் புதிய கணினியில் முதல் முயற்சியிலேயே ஓடியது.

ஜி41 ஒவ்வொரு சில்லிலும் 2 ஜிகாபிட் வரைதான் படிக்கும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், எனவே 4 ஜிபி என்பது 32 ஜிகாபிட். ஆக அந்த ராமில் பக்கத்துக்கு எட்டாக 16 கருப்புச் சில்லுகள் இருக்க வேண்டும். நான் வாங்கியதில் எட்டே சில்லுகள், ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். 4 ஜிபி ராமின் லேபிளில் ‘2ஆர்எக்ஸ்8’ (2Rx8) என்றிருந்தால் 16 சில்லுகள், இந்தப் போர்டுக்கு ஏற்றது; ‘1ஆர்எக்ஸ்8’ (1Rx8) என்றிருந்தால் எட்டே சில்லுகள், வாங்காதீர்கள். விற்பவரிடம் இரண்டு பக்கப் படமும் கேளுங்கள். உலோகத் தகடு மூடிய ராமை நான் தொடுவதே இல்லை. எண்ண முடியாததை எப்படி நம்புவது?

‘ஏஎம்டி போர்டுக்கு மட்டும்’ என்று மிகக் குறைந்த விலைக்கு வருபவை இன்டெல் போர்டில் ஓடாது. சர்வர்களில் இருந்து கழற்றிய ரிஜிஸ்டர்டு ராமும் அப்படியே.

3. எங்கே, எதை வாங்குவது?

சென்னையில் என்றால் கணினி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. பெயர் தெரியாத புதிய ராமைவிட, சாம்சங், ஹைனிக்ஸ், கிங்ஸ்டன் லேபிள் ஒட்டிய பழைய ராமே என் தேர்வு. 1600 மெகாஹெர்ட்ஸ் வேக ராமுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஜி41-இல் அது 1066-க்கு இறங்கித்தான் ஓடும். ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

4. பொருத்துவது

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்துங்கள். கேபினட்டின் வர்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரு முனையிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். இரண்டு கொக்கிகளும் ‘டக்’கென்று தாமாக மூடிக்கொள்ள வேண்டும்.

இரவில் ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86+ ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: 8 ஜிபி போட்டும் மூன்று சொச்சம்தான் காட்டுகிறது என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஒருவரிடம் இருந்தது 32 பிட் விண்டோஸ். சாதாரணப் பதிப்புகளில் அதன் எல்லை 4 ஜிபி. 64 பிட்டுக்கு மாறியதும் சரியானது. இன்னொருவரிடம் 64 பிட்தான். விண்டோஸின் அமைப்புக் கருவியான ‘எம்எஸ்கான்ஃபிக்’கில் (msconfig) ‘பூட்’ பகுதிக்குள் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ திறந்து, ‘மேக்சிமம் மெமரி’யில் யாரோ எப்போதோ போட்டிருந்த டிக்கை எடுத்த பிறகு முழு 8 ஜிபியும் தெரிந்தது.